உப்புத் தண்ணீரும் புளித்த மோரும்

பங்குனி பிறந்ததும் காரைக்கால் மாடித்தோட்டங்களில் உள்ள மண்தொட்டிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மண் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு படர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். உள்ளே நிற்கும் ரோஜாவின் இலைகள் ஓரம் தீய்ந்திருக்கும். கருகல் நுனியில் தொடங்கி இரண்டு ஓரங்களிலும் இறங்கி வரும். நடு இலை மட்டும் பச்சையாகவே நிற்கும். வீட்டில் ஒருவர் வெயில் என்பார், இன்னொருவர் சத்து போதவில்லை என்பார். அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்கு வைத்தியம் தொடங்கிவிடும். முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல், எப்சம் உப்பு, வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் என்று வாரம் ஒன்றாக உள்ளே போகும். செடி மேலும் வாடும்.

வீட்டுக் கரைசல்களை நான் மதிப்பவன். அவற்றில் பலவற்றின் பின்னால் உறுதியான வேதியியல் இருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இந்த அத்தியாயம். ஆனால் எந்தக் கரைசலும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. காவிரிப் படுகை கடலைத் தொடும் இந்தச் சின்னப் பகுதியில், செடி ஏன் சோர்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்வது குழாயில் வரும் தண்ணீர்தான். அதைப் பார்க்காமல் கொடுக்கும் மருந்து குருட்டு மருந்து.

கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் கூடியது. இந்தச் சிறிய வேறுபாட்டை வைத்து, நெதர்லாந்தைச் சேர்ந்த பாடோன் கைபனும் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாக ஒரு கணக்குப் போட்டார்கள். மணற்பாங்கான கடற்கரையில் நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் படித்தால்தான் ஆபத்து தெரியும். மோட்டார் போட்டு இறைத்து மேல் மட்டத்தை ஓரடி இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலேறும். மணல்மேட்டில் ஆழமில்லாத கிணற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாக இருப்பதும், அதே தெருவில் ஆழமாகப் போர் போட்ட வீட்டில் தண்ணீர் கரிப்பதும் இதனால்தான். அரசலாற்றில் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேராத கோடை மாதங்களில் நிலைமை இன்னும் கடினம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. குடிதண்ணீருக்காக வாங்கிய அதையே செடிக்கும் பயன்படுத்தலாம். பாசன நீருக்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வகுத்த அளவுகோலில், லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் உப்பிருந்தால் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு தேவை. இடைப்பட்ட அளவில் செடியைப் பொறுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் போர் தண்ணீர் 1500 காட்டுகிறது என்று வையுங்கள். ரோஜாத் தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றுகிறீர்கள். செடி தண்ணீரை உறிஞ்சிக் காற்றில் விடுகிறது. உப்பில் பெரும்பங்கை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. மூன்று மாதத்தில் அந்த ஒரு தொட்டிக்குள் 135 கிராம் உப்பு போயிருக்கும். ஒரு கைப்பிடிக்கும் அதிகம்.

உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவது போல, வேரின் செல்களும் இந்த மண்ணில் நீரை இழக்கின்றன. மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் இருக்கும். நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். வேர் வழியே உள்ளே நுழைந்த குளோரைடும் சோடியமும் நீரோட்டம் முடியும் இடமான இலை ஓரத்தில் போய்த் தங்குகின்றன. ஓரம் மட்டும் கருகுவது அதனால்தான். இந்த நிலையில் இருக்கும் செடிக்கு எப்சம் உப்பு கொடுப்பது, உப்பு மேல் உப்பு சேர்ப்பது. அது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் குறைந்த மண்ணில் அது நல்ல மருந்து. இங்கே பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

செடிக்குச் செடி தாங்கும் சக்தி மாறும். அரளியும் காகிதப்பூவும் உப்பை நன்றாகத் தாங்கும். ரோஜாவும் மல்லிகையும் சீக்கிரம் சோர்ந்துவிடும். காகிதப்பூவுக்கு வைத்த புகன்வில்லா என்ற பெயர் பிரெஞ்சுக் கடலோடி புகன்வில்லின் பெயர். அவரது கப்பல் பயணத்தில் உடன் சென்ற தாவரவியலாளர் கொமர்சன் 1767-இல் ரியோ டி ஜனீரோவில் அந்தக் கொடியைக் கண்டார். அப்போது காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்களின் ஊர்தான். போர் தண்ணீர் 2000-ஐத் தாண்டும் வீட்டில் ரோஜாவோடு மல்லுக்கட்டுவதைவிட இந்தக் கொடியை வளர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

உப்பேறிய தொட்டிக்கு முதல் மருந்து கழுவுதல். பத்து லிட்டர் மண் பிடிக்கும் தொட்டிக்கு இருபது முதல் முப்பது லிட்டர் மழைநீர் வேண்டும். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. காலையில் ஒரு பங்கு மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடிந்த பின் அடுத்த பங்கு. அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வடிந்த உப்பை மண் திரும்பக் குடித்துவிடும். கடைசியாக வடியும் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் எப்போது நிறுத்தலாம் என்பது தெரியும்.

களிமண் கலந்த தொட்டியில் இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படுகையின் வண்டல் களி, சோடியம் சேரச் சேர இறுகிப்போகும். களித்துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. கால்சியம் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக் கட்டிகளாக வைத்திருக்கிறது. இடுக்குகளில் காற்றும் நீரும் ஓடும். சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் மேலேயே நிற்கும். இந்த மண்ணில் வெறும் மழைநீரை ஊற்றினால் சுற்றியிருக்கும் உப்பு போய்விடும், களியில் ஒட்டிய சோடியம் போகாது. மண் இன்னும் இறுகும். அதனால் முதலில் ஒரு சிறு கைப்பிடி ஜிப்சம் தூவிக் கிளறிவிட வேண்டும். ஜிப்சம் கால்சியம் சல்பேட். அதன் கால்சியம் களியில் ஏறிக்கொள்ளும், இறங்கிய சோடியம் கழுவும் நீரோடு வெளியேறும்.

இந்த வித்தையைப் பெரிய அளவில் இந்தக் கடற்கரை முழுவதும் செய்து பார்க்க நேர்ந்தது ஒரு துயரமான காலத்தில். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை காரைக்கால், நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீரைக் கொண்டுவந்து நிறுத்தியது. கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 35 கிராம் உப்பு. வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரத்தில் அலை வந்ததால், அதைக் கழுவ அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேளாண் துறையினர் ஜிப்சம் இடவும், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடிக்கவும் சொன்னார்கள். நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழும் பழைய வழியை முன்னிறுத்தினார். தக்கைப்பூண்டு உவரைத் தாங்கி வளரும். அதன் வேர் வெளியிடும் கரியமில வாயு மண்ணில் உறங்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். மடக்கி உழுதால் அது மட்கி மண்ணைப் பொலபொலப்பாக்கும். 2005-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை அபரிமிதமாகக் கொட்டியது. இனி பத்தாண்டு ஆகும் என்று பலர் பயந்த நிலங்களில் பெரும்பகுதி அந்த ஒரு பருவத்திலேயே பயிருக்குத் திரும்பியது. வீட்டுப் பின்புறத்துப் பூப்பாத்தி உப்பேறியிருந்தால் இதையே செய்யலாம். ஆடியில் தக்கைப்பூண்டு தூவி, பூ எடுக்கும் பருவத்தில் வெட்டி மண்ணோடு புரட்டிவிட்டு, ஐப்பசி மழைக்கு விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது நோய் வேறு முகம் காட்டும். செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லிகை ஆகியவற்றின் கொழுந்து இலை எலுமிச்சை மஞ்சளாக வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரியும். பழைய இலைகள் நன்றாகவே இருக்கும். இது இரும்புச் சோகை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். அது கரையாமல் கிடக்கிறது. மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஒரு படி ஏறினால் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காரைக்கால் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் தினமும் தொட்டி மண்ணைக் காரமாக்கிக்கொண்டே போகிறது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். செம்பருத்தி வெளுத்து நிற்கும் அதே தொட்டியில் முளைத்த அருகம்புல் கரும்பச்சையாக இருக்கும். செம்பருத்தியின் வேர், அமிலத்தைக் கசியவிட்டு, இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றித்தான் உள்ளே எடுக்க முடியும். பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சுரக்கச் சுரக்க முறித்துவிடுகிறது. புல்லினத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை வேரிலிருந்து வெளியே அனுப்பி, இரும்போடு சேர்த்துத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இதை 1976-இல் கண்டுசொன்னவர் ஜப்பானிய விஞ்ஞானி தகாகி. நெல் இனத்துக்குக் கிடைத்த இந்த வரம் பூச்செடிகளுக்குக் கிடைக்கவில்லை.

புளித்த மோர் இங்கே வந்து வேருக்குத் துணை நிற்கிறது. கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு காலமாக இருக்கிறதோ தெரியவில்லை. அதன் பலன் கண்கூடு. மூன்று நாள் புளித்த மோரின் பி.எச். சுமார் 4. அதன் லாக்டிக் அமிலம் வேரைச் சுற்றிய சிறு வட்டத்தில் காரத்தைத் தணித்து இரும்பைக் கொஞ்சம் கரைக்கிறது. மோரிலுள்ள சர்க்கரையும் புரதமும் மண்ணின் நுண்ணுயிர்களுக்குத் தீனி. அவற்றில் பல, இரும்பைப் பிடிக்கும் பொருள்களைத் தாமே சுரப்பவை. வெண்ணெய் எடுத்த மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மழைநீரில் கலந்தால் மோரின் புளிப்பு வீணாகாது. பைகார்பனேட் நிறைந்த போர் தண்ணீரில் கலந்தால் பாதி அமிலம் வாளியிலேயே முறிந்துவிடும். சாப்பாட்டில் மிஞ்சிய மோரில் உப்பு போட்டிருந்தால் செடிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைப்பவர்கள் உண்டு. துரு என்பது கரையாத இரும்பேதான். கார மண்ணில் அது அப்படியே கிடக்கும். அதே ஆணிகளைப் புளித்த மோரில் சில நாள் ஊறப்போட்டு அந்த மோரை நீர்த்து ஊற்றினால் கதை வேறு. அமிலம் இரும்பைக் கரைத்துத் தன்னோடு வைத்திருக்கும். செடி மிகவும் வெளுத்திருந்தால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கைகொடுக்கும். லிட்டருக்கு ஐந்து கிராம், கூடவே அரை எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சையின் அமிலம் இல்லாவிட்டால் கரைசல் சற்று நேரத்தில் பழுப்பாகிவிடும். இரும்பு துருவாக மாறிவிட்டது என்று அர்த்தம். வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் இரும்பு மண்ணைத் தொடாமலே செடிக்குள் போய்விடுகிறது.

மோர் எதைச் செய்கிறதோ அதற்கு நேர்மாறானதைச் சாம்பல் செய்கிறது. விறகுச் சாம்பல் கடும் காரம். புளித்த மண் உள்ள மலைப்பிரதேசத் தோட்டங்களில் அது அமுதம். காரைக்கால் தொட்டியில் அது இரும்பை இன்னும் ஆழமாகப் பூட்டிவிடும். முட்டை ஓடு அவ்வளவு கெடுதல் செய்யாது, பி.எச். 8 உள்ள மண்ணில் அந்தச் சுண்ணாம்பு கரையவே கரையாது, அவ்வளவுதான். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் சொன்னவை கைப்பேசி வழியாக நம் மாடிக்கு அப்படியே வந்து இறங்கும்போது, அவர்களுடைய மண் கூடவே வருவதில்லை.

பூச்சிக்கு வருவோம். செம்பருத்தியின் நுனி சுருண்டு, இலைக்காம்புகளின் இடுக்கில் பஞ்சு பஞ்சாக வெள்ளை ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்புச் சாரியும் பக்கத்திலேயே இருக்கும். மாவுப்பூச்சி சுரக்கும் தேன்நீருக்காக எறும்பு அதற்குக் காவல் காக்கிறது. எதிரிகள் வந்தால் விரட்டுகிறது. எனவே தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் கல் வைத்து அதன் மேல் ஏற்றி எறும்பின் பாதையை அறுப்பது பாதி மருத்துவம். அந்தத் தட்டைத் தினம் கவிழ்த்து மாற்ற வேண்டும், கொசு முட்டையிடும்.

மீதிப் பாதி வேப்பெண்ணெய். ஐந்து மில்லி எண்ணெயை முதலில் ஒரு சிறிய பாட்டிலில் கரைத்த காதி சோப்புத் தண்ணீரோடு சேர்த்து, பால் நிறம் வரும்வரை குலுக்க வேண்டும். பிறகுதான் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். நேரடியாகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் தனியே மிதந்து, தெளிக்கும்போது ஓர் இலையில் வெறும் தண்ணீரும் இன்னோர் இலையில் வெறும் எண்ணெயுமாக விழும். எண்ணெய் விழுந்த இலை கருகும். சோப்பும் அதிகம் கூடாது. அதுவும் சோடியம்தான். வேம்பின் அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பைக் குலைக்கிறது, தீனியை வெறுக்க வைக்கிறது. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லா மரங்களையும் மொட்டையடித்துவிட்டு வேம்பை மட்டும் விட்டுச் சென்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஷ்முட்டரர் பார்த்தார். வேம்பைப் பற்றிய உலக ஆய்வுகள் வேகம் பிடித்தது அதற்குப் பிறகு. நம் பாட்டிமார் பருப்புப் பானையில் வேப்பிலை போட்டதற்கு அந்த ஆய்வுகள் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தன. அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதையும், அதனால் மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

தெளிப்பதற்கு முன் அந்த வெள்ளைப் பஞ்சை உற்றுப் பார்ப்பது அவசியம். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளோடு, சுறுசுறுப்பாக நடமாடினால் அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. தான் தின்னும் மாவுப்பூச்சியின் வேஷத்திலேயே திரிகிறது. காப்பித் தோட்டப் பூச்சிகளை அடக்க 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் இது. மக்கள் இதையும் மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். பார்க்க மிகவும் வருத்தமாக இருக்கும். ஓர் எதிரிப் பூச்சி என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு நேரிலேயே கண்டது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, மருந்துக்கு அடங்காமல் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டுச் செம்பருத்தி எல்லாவற்றையும் சூறையாடியது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே முடித்தது. சில மாதங்களில் கொள்ளை அடங்கியது.

கனகாம்பரம் நன்றாகப் பூத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குன்றி, இலை சிவந்து, பறித்துப் பார்த்தால் வேர் கறுத்திருந்தால், நூற்புழு. பாத்தியில் வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், ஊடே துலுக்க சாமந்தி நடுவதும் அதற்கு மருந்து. துலுக்க சாமந்தியின் வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தியனைல் நூற்புழுவைக் கொல்லும் என்பதை 1958-இல் டச்சு வேதியியலாளர்கள் காட்டினார்கள். ஒரு பருவம் முழுவதும் அடர்த்தியாக நட்டால்தான் பலன். அங்கொன்று இங்கொன்று நட்டுப் பயனில்லை.

மீன் இல்லாமல் காரைக்காலைப் பற்றி எழுதிவிட முடியாது. மீன் அமிலம் இந்த ஊருக்கே உரிய உரம் என்று சொல்லலாம், அவ்வளவு எளிதாகக் கச்சாப்பொருள் கிடைக்கிறது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடிய வாளியில் நிழலில் மூன்று வாரம். வெல்லம் எதற்கு என்றால், சம அளவு வெல்லம் சேர்ந்த கலவையில் அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் தழைக்க நீர் போதாது. அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் வேலை செய்து, மீனின் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கும். பழவாசனை வந்தால் சரி; நாற்றம் வந்தால் வெல்லம் குறைவு. தொட்டிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி போதும். கடல்நீரில் அலசிய கழிவு, கருவாட்டுத் தூள் இரண்டையும் தவிர்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிய பிறகு ஊறவைக்க வேண்டும்.

ஆனால் மீன் அமிலமோ பஞ்சகவ்யமோ சோர்ந்த செடிக்கு முதல் நாள் மருந்தாகாது. வேர் கருகிய செடியால் சாப்பிட முடியாது. கொடுத்த சத்து மண்ணிலேயே உப்பாகக் கூடும். கழுவி, மோர் கொடுத்து, புதுக் கொழுந்து பச்சையாக வெளிவந்த பிறகு தொடங்கலாம். அதுவரை தேமோர்க் கரைசல் பொருத்தமானது: ஐந்து பங்கு மோரும் ஒரு பங்கு தேங்காய்ப்பாலும் ஒரு வாரம் புளித்தபின் பத்து மடங்கு நீர்த்துத் தெளிப்பது. தேங்காய்க்குள் செல்லைப் பிரியத் தூண்டும் பொருள் இருக்கிறது என்பதை 1941-இல் வான் ஓவர்பீக் ஊமத்தைக் கருவை இளநீர் ஊற்றி வளர்த்துக் காட்டினார். 1958-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் கேரட்டின் தனிச் செல்களைத் தேங்காய் நீர் சேர்த்த கரைசலில் வளர்த்து முழுச் செடியாக்கினார். அந்தப் பொருள்கள் சைட்டோகைனின் என்னும் ஹார்மோன் குடும்பத்தைச் சேர்ந்தவை. தென்னந்தோப்புக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு இது கைக்கெட்டும் மருந்து.

இவ்வளவுக்கும் அடியில் நிற்பது மழைநீர். நூறு சதுர அடி மொட்டை மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 93 லிட்டர் விழும். கார்த்திகையில் ஒரே இரவில் அதைப்போலப் பல மடங்கு பெய்யும் ஊர் இது. மாடிக் குழாயின் வாயில் இருநூறு லிட்டர் பீப்பாய்கள் இரண்டு வைத்து, முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டு, அடுத்ததைப் பிடித்து, வாயை நைலான் வலையால் இறுகக் கட்டி நிழலில் நிறுத்தினால், பத்துத் தொட்டிகளை ஒருமுறை கழுவவும், பங்குனி, சித்திரையில் மோர் கலக்கவும் போதும். மண்ணின் பி.எச். தெரியாமல் தவிப்பவர்கள் காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, செருமாவிலங்கையில் 1987 முதல் இயங்கும் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியையோ அணுகிக் கேட்கலாம். போகும்போது ஒரு பையில் அரைக் கிலோ மண்ணும், சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் போர் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். மண்ணை மேற்பரப்பிலிருந்து அள்ளாமல் வேர் இருக்கும் ஆழத்திலிருந்து எடுங்கள். மேலே இருப்பது ஆவியாகி ஏறிய உப்பு, அது கணக்கைக் கூட்டிக் காட்டிவிடும்.